பாதத்தைச் சுற்றி ஒரு கோடு

ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ராஜரத்தினத்துக்கு டீ குடிக்க வேண்டும் போலிருக்கிறது. சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு துண்டு சாக்பீஸை எடுக்கிறார். குனிந்து, இடது பாதத்தைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார். பிறகு வலது பாதத்தைச் சுற்றி. கோடு கலையாமல் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பின்னால் நிற்கிற அம்மாளிடம், "தோ, என் காலு கீது. பாத்துக்கம்மா" என்று ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்.

அவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் வரிசை நகர்ந்துவிடுகிறது. நகராமல் இருக்குமா? அந்த அம்மாள் சர்க்கரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போயாயிற்று. வரிசையின் வால் எங்கோ முன்னால் இருக்கிறது; பாதங்கள் மட்டும் போட்ட இடத்திலேயே வெயிலில் கிடக்கின்றன. ராஜரத்தினம் ஒரு கணமும் யோசிக்காமல் போய் அந்தக் கோட்டுக்குள் கால்களைப் பொருத்திக்கொண்டு நிற்கிறார். அக்கம்பக்கம் ஒரு ஆள் கிடையாது. "யோவ், லைன் இங்க கீதுய்யா" என்று யாரோ கத்துகிறார்கள். "என் எடம் இங்க கீது" என்கிறார் அவர். கடை சாத்துகிற வரைக்கும் அப்படியே நின்றார் என்று சைதாப்பேட்டையில் சொல்லிக்கொள்கிறார்கள். அது கொஞ்சம் மிகை. அவர் மனைவி புஷ்பம் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் வரிசையில் நிறுத்தினாள் என்பதுதான் நடந்தது.

சைதாப்பேட்டையில் அவருடைய பாதங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஜோடி இருக்கும். முடிவெட்டுகிற கடை வாசலில் ஒரு ஜோடி இருக்கும். ஷரீஃப் பாயின் டீக்கடையில் பெஞ்சுக்குக் கீழே ஒரு ஜோடி நிரந்தரமாகவே உண்டு. புதிதாக வருகிற யாராவது அங்கே உட்காரப் போனால், "ஆளு கீறாரு நைனா, அந்தாண்ட குந்து" என்று ஷரீஃப் பாய் கிளாஸ் கழுவிக்கொண்டே சொல்வார். ஆள் அந்த நேரத்தில் மயிலாப்பூரில் இருப்பார். ஒருமுறை பஸ் ஸ்டாப் மரத்தடியில் அவர் விட்டுப்போன பாதங்களுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து, பூ போட்டு, கற்பூரமும் காட்டிவிட்டார்கள். ராஜரத்தினம் திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய காலிலேயே தான் நிற்க முடியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அவருடைய தொழில் உட்காருவது. சிரிக்க வேண்டாம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டின ஒரு சந்தில், மாடியறையில், ஸ்ரீரங்கன் என்ற ஓவியருக்கு எதிரே காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் உட்கார்ந்திருப்பார். பதினைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. ஐம்பதை நெருங்கும் வயது. நீண்ட மூக்கு, பெரிய காது, இரண்டு பக்கமும் கீழே தொங்குகிற மீசை. ஒருமுறை பார்த்தால் மறக்காத முகம்தான். அந்த முகத்தைப் பதினைந்து வருஷத்தில் பாதி வருஷம் யாருமே பார்க்கவில்லை என்பதுதான் அவர் கதை.

அதற்கு முன்னால் அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தி. நகரில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி. ஸ்ரீரங்கனின் மாமியார் தி. நகரில் இருந்தாள், அவள் வீட்டுத் துணியோடு மாப்பிள்ளை வீட்டுத் துணியும் சேர்ந்துகொண்டதால், ஒரு நாள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ராஜரத்தினம் மயிலாப்பூர் மாடியேறிக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த ஸ்ரீரங்கன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்படியே நில்லு. அசையாதே. மூட்டையை இறக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ராஜரத்தினம் ஏதோ பாம்பு இருக்கிறது என்று நினைத்து அசையாமல் நின்றார். சாயங்காலம் வரைக்கும் நின்றார். மறுநாளும் வரச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "மூட்டையோடவா சார், மூட்டை இல்லாமயா?" என்பதுதான்.

அப்புறம் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. பெட்டி புஷ்பத்தின் கைக்கு வந்தது. மரத்தடியில் அவள் கரிப்புகையில் நிற்க, மாடியறையில் இவர் காற்றோட்டமாக உட்கார்ந்தார். "ஊர்ல ஆம்பளைங்க உக்காந்து துன்றானுங்கன்னு கேட்டுக்கீறேன். உக்கார்றதுக்கே ஆபீசு போற ஆம்பளைய இங்கதான் பாக்கறேன்" என்று அவள் துணி கொண்டு வருகிற மாமிகளிடம் சொல்வாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு சமாசாரமும் இருந்தது.

அசையாமல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். எழுந்து உதறிக்கொண்டுதான் ஆக வேண்டும். எழுந்துவிட்டால், திரும்ப அதே இடத்தில் அதே மாதிரி உட்கார வேண்டும். கட்டை விரல் கொஞ்சம் தள்ளிப்போனாலும் தோள் மாறிவிடும், தோள் மாறினால் படம் போயிற்று. அதனால் எழுவதற்கு முன்னால் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். உட்கார்ந்திருப்பவன் குனியக் கூடாது, குனிந்தால் உடம்பு கலையும். ஆகவே வரைகிறவர்தான் குனிய வேண்டும். ஸ்ரீரங்கன் வேஷ்டியை மடக்கிக்கொண்டு, மண்டி போட்டு, ராஜரத்தினத்தின் பாதங்களைச் சுற்றி மெதுவாகக் கோடு போடுவார். போட்டு முடித்து, "இப்போ எழுந்துக்கோ" என்பார்.

இதை ராஜரத்தினம் ஷரீஃப் பாய் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. "எம்மாம் பெரிய மனுசன் பாய் அவுரு! மண்டி போட்டுக் கோடு போடறாரு. கோடு போட்டா இன்னா அர்த்தம்? நீ எங்க வேணா பூட்டு வா, உன் எடத்த எவனும் எடுக்கமாட்டான்னு அர்த்தம்." பாய் தலையை ஆட்டிக்கொண்டே பாலை ஆற்றுவார். சைதாப்பேட்டையில் ராஜரத்தினத்துக்கு வாடகை வீடு, இரவல் சைக்கிள், மச்சான் பேரில் ரேஷன் கார்டு. இந்தப் பூமியில் அவருக்கென்று யாரோ கோடு போட்டுக் கொடுத்த இடம் அந்த இரண்டு பாத அளவுதான்.

அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கன் அவரை மீனவனாகப் போட்டார், முனிவனாகப் போட்டார், வண்டிக்காரனாகப் போட்டார். எல்லாப் படமும் ரயிலேறி டில்லிக்கும் பம்பாய்க்கும் போய்விட்டன. புஷ்பம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வண்டியை விட்டுவிட்டு வர அவளுக்கு ஒழியவில்லை. ஒழிந்தபோது காலம் மாறிவிட்டது.

அறுபத்தேழில் ஸ்ரீரங்கனுக்கு மனிதர்கள் அலுத்துப்போனார்கள். அவருக்கு மட்டுமல்ல, பட்டணத்தில் பிரஷ் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போது மனிதர்கள் அலுத்திருந்தார்கள். மூக்கும் காதும் பழைய சமாசாரம், இனிமேல் வட்டமும் முக்கோணமும்தான் என்று ஆகிவிட்டது. ஸ்ரீரங்கன் ஒரு நாள் காலையில், "மனுஷாளைப் போட்டது போறும்" என்று அறிவித்தார். ராஜரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீ எங்கே கிளம்பறே?"

"மனுசன் வாணாம்னீங்களே சார்."

"மனுஷா வேண்டாம். ஆனா எதிர்ல ஒரு ஆள் உக்காந்துண்டு இல்லேன்னா நேக்கு வட்டம்கூட வராது. உக்காரு."

எட்டு வருஷம் உட்கார்ந்தார். ஒரு மனிதர் வேலை மெனக்கெட்டு எதிரே உட்கார்ந்து, அசையாமல், மூச்சைக்கூட அளந்து விட்டு, அதைப் பார்த்துப் பார்த்து வரையப்பட்ட முக்கோணங்கள் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று தெரியவில்லை. ராஜரத்தினம் அதை ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "இந்த மஞ்ச வட்டம் கீதே, அது என் முட்டி. அந்தாண்ட செவப்பா வளஞ்சிக்கினு போதே, அன்னிக்கு எனக்கு வவுத்து வலி" என்று மாடிக்கு வருகிறவர்களிடம் சுட்டிக் காட்டுவார். வந்தவர்களுக்கும் அது உதவியாகவே இருந்தது. வேறு யாரும் அந்தப் படங்களைப் பற்றி அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

புஷ்பம் ஒரே ஒரு தடவை வந்தாள். மயிலாப்பூரில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அவளை அழைத்துப்போய், பெரிய சட்டத்துக்குள் இருந்த ஒரு பழுப்புச் சதுரத்துக்கு முன்னால் நிறுத்தி, "தோ, நான்" என்றார். அவள் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். "இது பலகை" என்றாள்.

"பலகையா? நல்லாப் பாரு. வலது பக்கம் கொஞ்சம் சாஞ்சிக்கினு கீது பாரு. நான் அப்டித்தான் உக்காருவேன்."

"உன் மூஞ்சி எங்கய்யா?"

"மூஞ்சில்லாம் இப்ப வெக்கறதில்ல."

அதற்குப் பிறகு வெகுநாள் வரைக்கும் வீட்டில் அவருக்குப் பலகை என்றே பெயர். "பலகை, சோறு போட்டாச்சு" என்று கூப்பிடுவாள். அவரும் போய்ச் சாப்பிடுவார்.

பலகை என்றதுகூட அவரைச் சுடவில்லை. சுட்டது வேறு. வட்டம் ஆரம்பித்த முதல் நாள், கால் மரத்துப்போய் எழ வேண்டிய நேரம் வந்தபோது, அவர் வழக்கம்போல ஸ்ரீரங்கன் வந்து மண்டி போடுவதற்காகக் காத்திருந்தார். ஸ்ரீரங்கன் வரைகிற துணியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "எழுந்து போயிட்டு வாயேன். எங்க வேணும்னாலும் உக்காரு, ஒண்ணும் ஆயிடாது" என்றார். அன்றைக்கு ராஜரத்தினத்தின் மனசு உடைந்தது. முகம் போனால் போகட்டும்; எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்றால் அப்புறம் ஆள் எதற்கு? சாயங்காலம் பெட்டிக்கடையில் சாக்பீஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் முதல் தானே குனிந்து தன் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார். தொழில் முறைப்படி அது தப்பு, அவமானமும்கூட. ஆனாலும் போட்டார். கொஞ்ச நாளில் மாடியறையோடு நிற்காமல் டீக்கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் ரேஷன் வரிசைக்கும் அது பரவிவிட்டது. வீட்டுக்குள்ளும் போட ஆரம்பித்தார். சாப்பிட்டு எழுந்தால் அடுப்படியில் ஒரு ஜோடி. புஷ்பம் ஈரத்துணியை எடுத்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே துடைப்பாள். அவர் போடுவதும் அவள் துடைப்பதுமாகக் குடித்தனம் நடந்தது.

எழுபத்தைந்தில் ஸ்ரீரங்கன் பம்பாய்க்கு ஒரு கண்காட்சி பார்க்கப் போனார். திரும்பி வந்த அன்று, குளிக்காமல், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாடிக்கு ஓடிவந்தார்.

"ராஜரத்னம்! மனுஷா திரும்பி வந்துட்டா!"

"எங்க சார் பூட்டாங்க?"

"படத்துக்குள்ளடா! பம்பாய்ல எல்லாரும் மனுஷாளைத்தான் போட்டுண்டிருக்கா. மூக்கு வெச்சு, காது வெச்சு, தெருவுல போறவா வரவாளை அப்படியே. வட்டம் போட்டவனெல்லாம் வட்டத்துக்குக் கண்ணு வெச்சுண்டிருக்கான். நாமதான் இங்க தூங்கிண்டிருக்கோம்."

ராஜரத்தினம் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கோடு?" என்றார்.

"என்ன கோடு?"

"கால சுத்தி."

"அதுவா? நேக்கு இப்போல்லாம் முட்டி மடங்கறதில்லே. நீதான் நன்னாப் போட்டுக்கறியே, நீயே போட்டுக்கோ. ஆனா மூஞ்சி வெக்கறேன். பெரிசா ஒரு படம். பனகல் பார்க் பஸ் ஸ்டாண்டு. ஊரே நின்னுண்டிருக்கு. நடுவுல நீ. வேஷம் கீஷம் ஒண்ணும் கிடையாது. நீ நீயா."

அன்று இரவு சோற்றுத் தட்டுக்கு முன்னால் ராஜரத்தினம் இதைச் சொன்னபோது புஷ்பம் நம்பவில்லை. "மூக்குமா?" என்று கேட்டாள். மூக்கும்தான் என்றார். "நீ எங்க நிக்கிற?" "நான் நடுவுல, நாற்காலில உக்காந்துக்கினு கீறேன்." "பஸ் ஸ்டாப்புல எவன் நாற்காலி போட்டான்?"  ஆனால் மறுநாள் காலையில் அவள், காத்திருந்த மாமிகளின் புடவைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டு, காலரை மடித்து, பெட்டியின் கூர் முனையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். "மூஞ்சி வருதுன்ன. சொக்கா கசங்கிக்கினு வந்தா என்னைத்தான் ஏசுவானுங்க" என்றாள். அந்தப் படம் முடிகிற வரைக்கும் தினமும் அந்தச் சட்டைதான் முதல் துணி.

ஆனால் ஊரை உட்கார வைப்பது ஸ்ரீரங்கன் நினைத்த மாதிரி இல்லை. எட்டு வருஷம் வட்டம் போட்ட கைக்கு மூக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு கடற்கரையிலிருந்து ஒரு மீன்காரியை அழைத்து வந்தார். கூடையும் புடவையும் வரைகிற வரைக்கும்தான் அவள் பொறுத்தாள். "நான் குந்திக்கினு இருப்பேன் சாமி, மீனு குந்திக்கினு இருக்குமா?" என்று எழுந்து போய்விட்டாள். ஒரு போலீஸ்காரர் வந்தார். "எதுக்கு என்னைப் பத்தி எழுதிக்கினு கீறே?" என்று கேட்டுக் கேட்டு, தொப்பி முடிவதற்குள் கிளம்பினார். பஸ் கண்டக்டரின் கை பழக்க தோஷத்தால் விசிலுக்கே போய்க்கொண்டிருந்தது. பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் கல்யாணப் பட்டோடு வந்து ஒரு நாள் நின்றாள். மறுநாள், பெண்ணை இப்படி முறைத்துப் பார்ப்பது சரியில்லை என்று அப்பா நிறுத்திவிட்டார். உடம்பும் உடுப்புமாக ஊரே நின்றது. ஒருவருக்கும் முகம் இல்லை. ராஜரத்தினம் மட்டும் தினமும் வந்து, தன் கோட்டுக்குள் கால் வைத்து, அசையாமல் உட்கார்ந்தார். துணியின் முதுகுதான் அவர் பக்கம். முடிகிற வரைக்கும் உட்கார்ந்தவன் படத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் அந்தத் தொழிலில் ஒரு விதி. அவர் விதி மீறுகிறவர் அல்ல.

கண்காட்சி அடையாற்றில் நடந்தது. மனிதன் மீண்டும் வந்தான் என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். புஷ்பம் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தன் கல்யாணப் புடவைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். தூக்குப் பாத்திரத்தில் புளிசாதம்.  ராஜரத்தினம் அதே வெள்ளைச் சட்டையில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் அசையாமல் உட்கார்ந்து வந்தார்.

படம் ஒரு சுவர் முழுக்க இருந்தது. புஷ்பம் இடது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முதலில் மீன்காரி. கூடை, ஈரப் புடவை, கால் தண்டை எல்லாம் மீன்காரிதான். முகம் ராஜரத்தினம். பக்கத்தில் போலீஸ்காரர், தொப்பிக்குக் கீழே ராஜரத்தினம். விசில் ஊதுகிற கண்டக்டர் ராஜரத்தினம். இடுப்பில் குழந்தை வைத்திருக்கிற அம்மா ராஜரத்தினம், குழந்தையும் ராஜரத்தினம். பட்டுப் புடவையும் ஒட்டியாணமும் மூக்குத்தியுமாகத் தலை குனிந்து நின்ற கல்யாணப் பெண்ணுக்கு மீசை இரண்டு பக்கமும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை. "யோவ், மூக்குத்தி போட்டுக்கினு கீறேய்யா! உன்ன பொண்ணு பாக்க வந்துருக்கணும்யா நாங்க!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜரத்தினம் வெட்கத்தோடும் பெருமையோடும் நின்றார். எட்டு வருஷம் எங்கேயும் இல்லாதவர் இன்றைக்கு எங்கே பார்த்தாலும் இருந்தார். "நடுவுல வா, நடுவுல வா. நான் நானா கீறது அங்கதான்" என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

நடுவில் நாற்காலி இருந்தது. நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலில் கை வைத்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காலர் வரைக்கும் எல்லாம் இருந்தது. காலருக்கு மேலே ஒன்றுமில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி.

புஷ்பத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டு ஜிப்பாவில் நாலு பேர் நடுவே நின்றிருந்த ஸ்ரீரங்கனிடம் நேராகப் போனாள்.

"சாமி, மீன்காரிக்கு வெச்சிக்கீற, போலீசுக்கு வெச்சிக்கீற, கல்யாணப் பொண்ணுக்கு மீசை வெச்சிக்கீற. தெனம் எயிந்து வந்து உன் மின்னால உக்காந்த மனுசனுக்கு இன்னா கேடு?"

ஸ்ரீரங்கன் நல்ல மனிதர். பதில் சொல்லத்தான் பார்த்தார். "கோவிச்சுக்காதேம்மா. யாரும் மூஞ்சி குடுக்கறவரைக்கும் நிக்கலே. கண்ணை மூடிண்டா நேக்கு இவன் மூஞ்சிதான் வரது. எல்லாருக்கும் வெச்சுட்டேன். கடைசியா இவனுக்கு வெச்சுப் பாத்தா, எல்லாரையும் மாதிரி ஆயிட்டான். கூட்டத்துல இவன் யாருன்னே தெரியலே. தனியாத் தெரியணுமேன்னுதான் அழிச்சுட்டேன்."

இதைக் கேட்டுப் பக்கத்திலிருந்த ஒருவர், முகத்தை இழந்தவன்தான் இன்றைய மனிதன் என்றார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

புஷ்பம் படத்துக்குத் திரும்பி வந்தாள். அந்த முகமில்லாத ஆளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டிக் காலரைக் காட்டினாள். காலரின் நுனியில், கஞ்சி விறைத்து, மடிப்பு கத்திபோல நின்றது. அதற்குக் கீழே பெட்டியின் கூர் முனை அழுத்தின தடம்கூட இருந்தது. "இது என் கை" என்றாள்.  "என் கைய இங்க இட்டாந்து வெச்சிக்கீறாரு. உன் மூஞ்சிய உட்டுட்டாரு."

ராஜரத்தினம் திரும்பி நடந்தார். வாசலில் காவல்காரருக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். படத்துக்குக் கீழே, நடுவில், அந்த ஆளுக்கு நேராகப் போட்டார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தார். முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அசைவை நிறுத்தினார்.

முதலில் ஒரு குழந்தைதான் பார்த்தது. பிறகு அதன் அம்மா. மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாகக் கூட்டம் சேர்ந்தது. இன்றைய மனிதனைப் பற்றிச் சொன்னவர், இதுவும் படத்தில் சேர்ந்ததுதான், எதிர்பார்க்கவே இல்லை, அபாரம் என்றார். யாரோ கைதட்டினார்கள். ஸ்ரீரங்கன் கொஞ்சம் திகைத்து, கொஞ்சம் மகிழ்ந்து, இது தன்னுடைய யோசனைதான் என்று சொல்லவும் முடியாமல் இல்லை என்று மறுக்கவும் முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஒரு கிழவர் ராஜரத்தினத்தின் முகத்துக்கு மிக அருகில் வந்து, "உசிர் இருக்கோ?" என்று கேட்டார்.  உட்கார்ந்தவன் பேசக் கூடாது.

மதியம் ஆயிற்று. அவர் கால்கள் மரத்துப்போயிருக்கும் என்று புஷ்பத்துக்குத் தெரிந்தது. காதோரம் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எயிந்து வாய்யா. ரெண்டு வாய் துன்னுட்டு வந்து உக்காரு."

உதடு அசையாமல் அவர் சொன்னார்: "எயிந்தா எடம் பூடும்."

"கோடு போட்டுக்கினு வா."

"இங்க நான் குனியக் கூடாது புஸ்பம். மூஞ்சி கலஞ்சிரும்."

புஷ்பம் ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். ஜிப்பாவைப் பார்த்தார், சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார், மேலே விசிறியைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

பிறகு தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டுச் சாக்பீஸை எடுத்தாள். கல்யாணப் புடவை கசங்க, அத்தனை பேர் நடுவில் தரையில் மண்டி போட்டாள். இடது பாதத்தைச் சுற்றி மெதுவாக ஒரு கோடு போட்டாள். "ஆட்டாத" என்றாள். வலது பாதத்தைச் சுற்றியும் போட்டாள்.